இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்று

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் சட்டென்று அடங்கிவிடுகிறது. புகை இல்லை, வெடிச்சத்தம் இல்லை, சூடு ஏறியதாக முள்ளும் காட்டவில்லை. ஓரங்கட்டி நிறுத்திச் சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றத்தான் செய்கிறது. ஆனால் வழக்கமாக விட்டுவிட்டுக் கேட்கும் அந்தத் திணறல் இல்லை. ஒரே சீராக, லேசாக, வேகமாகச் சுற்றுகிறது. பழகிய மெக்கானிக்குக் கைப்பேசியில் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே போதும். "டைமிங் பெல்ட் போயிடுச்சு சார், இனிமே செல்ஃப் அடிக்காதீங்க" என்பார்.

திணறல் எங்கே போனது என்று யோசித்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்று அமுக்கப்படும்போது அது பிஸ்டனை எதிர்த்துத் தள்ளுகிறது. சிலிண்டர்கள் முறைவைத்துக் காட்டும் அந்த எதிர்ப்புதான் நம் காதில் திணறலாக விழுகிறது. காற்று அமுங்க வேண்டுமென்றால் வால்வுகள் அந்த நேரத்தில் மூடியிருக்க வேண்டும். பெல்ட் அறுந்ததும் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் நின்ற இடத்தில் நின்றுவிடுகிறது. சில வால்வுகள் திறந்தபடியே மாட்டிக்கொள்கின்றன. கீழே பிஸ்டன்களோ வண்டியின் வேகத்தில் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. பல இன்ஜின்களில் திறந்த வால்வின் மேல் பிஸ்டன் மோதுகிறது. வால்வின் தண்டு ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமன்தான், வளைந்துவிடும். வளைந்த வால்வு அதன் இருக்கையில் சரியாக உட்காராது, காற்றும் தங்காது. எதிர்க்க ஆளில்லாத இன்ஜின் அப்படித்தான் லேசாகச் சுற்றும்.

பெல்ட்டும் அதோடு சேர்த்து மாற்ற வேண்டியவையும் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். வால்வுகள் உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி அவற்றை மாற்றும் வேலை அதைப்போலப் பல மடங்கு. இந்தப் பெல்ட்டை வீட்டு வாசலிலேயே மாற்றலாமா என்று கைவேலை தெரிந்த கார்க்காரர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. பல கார்களில் மாற்றலாம். போல்ட்டைத் திருகும் பலம் இருந்தால் போதும் என்று இறங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த வேலையில் கழற்றுவதும் பூட்டுவதும் சாதாரணம். ஒரு கோணத்தைத் தொலைத்துவிடாமல் பழைய பெல்ட்டிலிருந்து புதிய பெல்ட்டுக்கு ஒப்படைப்பதுதான் விஷயம்.

அது என்ன கோணம்?

கார்களின் பெட்ரோல், டீசல் இன்ஜின்கள் நான்கு வீச்சுகளில் வேலை செய்கின்றன: காற்றை இழு, அமுக்கு, எரி, வெளியேற்று. பிஸ்டன் இரண்டு முறை இறங்கி இரண்டு முறை ஏறினால் ஒரு வட்டம் முடிகிறது. அதற்குள், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றிவிடும். ஆனால் உள்வால்வு ஒருமுறைதான் திறக்க வேண்டும், வெளிவால்வும் ஒருமுறைதான். ஆகவே கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இரண்டையும் இணைப்பது டைமிங் பெல்ட். கிராங்கில் 20 பல் சக்கரம் என்றால் கேமில் 40 பல் சக்கரம். கணக்கு எளிது. நடப்பில் அதன் வேகம்தான் மலைக்க வைக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் கிராங்க் விநாடிக்கு 50 முறை சுழல்கிறது, ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. ஒரு திறப்பு நீடிப்பது விநாடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஒரு லட்சம் கிலோமீட்டரை மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டரில் கடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2500 மணி நேரம். இன்ஜின் நிமிடத்துக்குச் சராசரி 2000 சுற்று என்றால் கிராங்க் 30 கோடி முறை சுற்றியிருக்கும். அத்தனை சுற்றிலும் ஒரு பல்கூட நழுவக்கூடாது.

ஃபேன் பெல்ட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஃபேன் பெல்ட் கொஞ்சம் வழுக்கினால் கீச்சென்று கத்தும், ஆல்டர்னேட்டர் சற்றுக் குறைவாகச் சுழலும், அவ்வளவே. அதன் வேலை சக்தியைக் கடத்துவது. டைமிங் பெல்ட்டும் சக்தியைக் கடத்தத்தான் செய்கிறது, ஆனால் கேமைச் சுற்ற இன்ஜினின் சக்தியில் சிறு பங்குதான் தேவை. அதன் தலையாய வேலை, கிராங்க் எந்தக் கோணத்தில் இருக்கும்போது கேம் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்ற உறவைக் காப்பது. அதனால்தான் அதற்குப் பற்கள். 40 பல் கேம் சக்கரத்தில் ஒரு பல் நழுவினால் கேம் 9 பாகை விலகும். கிராங்கின் கணக்கில் அது 18 பாகை. வண்டி ஓடும், ஆனால் இழுவை இருக்காது, நிற்கும்போது உதறும், பெட்ரோலைக் குடிக்கும். இப்போதைய கார்களில் கிராங்குக்கும் கேமுக்கும் தனித்தனி சென்சார் இருப்பதால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கணினியே கண்டுபிடித்து 'பி 0016' என்ற குறியீட்டோடு விளக்கை எரியவிடும். இரண்டு மூன்று பல் விலகினால் பல இன்ஜின்களில் விளக்கைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்காது.

பல் வைத்த ரப்பர் பெல்ட் முதலில் காருக்காக உருவானதே அல்ல. 1940களில் அமெரிக்காவின் கில்மர் நிறுவனத்தில் ரிச்சர்ட் கேஸ் என்பவர் அதை வடிவமைத்தது சிங்கர் தையல் இயந்திரத்துக்காக. தையல் இயந்திரத்தின் சிக்கலும் இதே சிக்கல்தான். மேலே ஊசி இறங்கி ஏறும் கணத்தில் கீழே பாபின் பக்கத்துக் கொக்கி சரியாக வந்து நூல் கண்ணியைப் பிடிக்க வேண்டும். கொக்கி சற்று முந்தினாலோ பிந்தினாலோ தையல் விழாது. தையல் மெஷின் பழுதுபார்ப்பவர்களும் 'டைமிங் வைக்கணும்' என்றே சொல்வார்கள். இந்தப் பெல்ட்டோடு பெரும் எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட முதல் கார், மேற்கு ஜெர்மனியில் பவேரியாவின் டிங்கோல்ஃபிங் ஊரிலிருந்து 1962இல் வந்த கிளாஸ் 1004. விவசாயக் கருவிகள் செய்து, பிறகு குட்டிக் கார்கள் செய்து வளர்ந்த சிறு நிறுவனம் அது. 1966இல் பி.எம்.டபிள்யூ அதை வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு இத்தாலியில் ஃபியட்டுக்காக அவுரேலியோ லாம்பிரெடி வடிவமைத்த இரட்டைக் கேம் இன்ஜினும் பெல்ட்டோடு வந்தது. அதற்குப் பிறகு பெல்ட்டுக்கு ஏறுமுகம். இதே வேலையைச் செய்யும் செயினைவிடச் சத்தம் குறைவு, எடை குறைவு, விலை குறைவு, எண்ணெய் தேவையில்லை. நம் சாலைகளில் மாருதி 800உம், 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து புறப்பட்ட சான்ட்ரோவும், வாடகை வண்டிக்காரர்களின் பழைய டீசல் இன்னோவாவும் பெல்ட் கட்சி. பழைய அம்பாசடர், ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் டீசல் ஆகியவை செயின் கட்சி.

பிஸ்டனும் வால்வும் மோதாத மாதிரியே இன்ஜினைச் செய்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அப்படியும் இன்ஜின்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. பிஸ்டனின் வீச்சு 80 மில்லிமீட்டர், அமுக்க விகிதம் 18:1 என்று ஒரு டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே எஞ்சும் இடத்தின் சராசரி உயரம் 80 ÷ 17, அதாவது 4.7 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி பிஸ்டன் தலையில் குடைந்த கிண்ணத்துக்குள் இருக்கிறது. மற்ற இடத்தில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். வால்வோ எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் இறங்கித் திறக்கிறது. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அந்த வால்வு முழுதாகத் திறந்திருந்தால் மோதாமல் எப்படி இருக்கும்? பெட்ரோல் இன்ஜினில் 10:1 விகிதத்துக்கு இடைவெளி கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டராகக் கூடுகிறது, வால்வுகளும் சாய்ந்து நிற்கின்றன. எனவே அங்கே சிலதில் தப்பலாம், சிலதில் தப்ப முடியாது. டீசலில் ஏறக்குறைய எல்லாமே மோதும் ரகம். அமுக்கம் கூடினால் எரிபொருள் மிச்சமாகும், வால்வு பெரிதாகத் திறந்தால் இன்ஜின் நன்றாக மூச்சுவிடும். இரண்டையும் விரும்பிய பொறியாளர்கள் ஒரே இடத்தை வால்வுக்கும் பிஸ்டனுக்கும் வேறுவேறு நேரத்தில் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். பங்கீட்டுக்குப் பொறுப்பு பெல்ட்.

இனி வேலைக்கு வருவோம். இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும் சிறிய பெல்ட் கார் ஒன்றை மனத்தில் வைத்தே சொல்கிறேன். அந்தந்தக் காருக்கான பழுதுபார்ப்புக் கையேடு கையில் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்.

கையேடு சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டியது, ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் கை நுழைக்கக் கூடாது என்பது. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றியிருக்க வேண்டும். பெல்ட் இருக்கும் பக்கத்துச் சக்கரத்தையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்தால் கிராங்க் புல்லி தெரியும். பல கார்களில் அந்தப் பக்கத்து இன்ஜின் மவுண்ட்டையும் கழற்றியாக வேண்டும்; அதற்கு முன் ஆயில் சம்புக்கு அடியில் மரப்பலகை வைத்து இன்னொரு ஜாக்கியால் இன்ஜினைத் தாங்கிக்கொள்வார்கள். ஏ.சி. பெல்ட், ஆல்டர்னேட்டர் பெல்ட் எல்லாம் வழியிலிருந்து விலக வேண்டும். ஏ.சி. குழாய்களில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

வீட்டில் செய்பவர்கள் பாதியில் நிற்கும் இடம் கிராங்க் புல்லி போல்ட். அது அசுரத்தனமாக இறுக்கப்பட்டிருக்கும். திருகினால் போல்ட்டோடு கிராங்கும் சேர்ந்து சுற்றும். கியர் பெட்டி கையால் மாற்றுவதாக இருந்தால், மேல் கியரில் போட்டுவிட்டு உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, வெளியே நீளக் கைப்பிடியால் திருகுவது வழக்கம். ஸ்பேனரை மாட்டித் தரையில் முட்டுக்கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டரால் ஒரு தட்டு தட்டும் குறுக்குவழி ஒன்றும் புழக்கத்தில் உண்டு. ஸ்பேனர் தெறித்தால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன்.

உறைகளைக் கழற்றியதும் பெல்ட் வெளிச்சத்துக்கு வரும். இங்கே பலருக்கும் ஏமாற்றம்: பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது! இருக்கும். பெல்ட்டின் உயிர் வெளியே தெரியும் ரப்பரில் இல்லை, உள்ளே ஓடும் கண்ணாடி இழைக் கயிறுகளில் இருக்கிறது. நீளாத தன்மைக்காகத்தான் கண்ணாடி இழை. அதைச் சுற்றி எச்.என்.பி.ஆர். என்ற வெப்பம் தாங்கும் ரப்பர், பற்களின் மேல் தேய்மானம் தாங்கும் நைலான் துணி. கோடிக்கணக்கான முறை வளைந்து நிமிரும்போது இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. பல்லின் அடிவேரில் நுண்ணிய விரிசல் விழுகிறது. முதுகில் விரிசலோ, பளபளப்போ, பிசிறோ தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். எதுவும் தெரியவில்லை என்பதால் மாற்ற வேண்டாம் என்று ஆகாது. புதிய பெல்ட்டை வாங்கி வரும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். கடைக்காரர் அதைச் சுருட்டி எட்டாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். கூர்மையாக மடித்த இடத்தில் கண்ணாடி இழை உள்ளேயே ஒடிந்துவிடும், வெளியே ஒன்றும் காட்டாது.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் கிராங்கை ஸ்பேனரால் மெல்லச் சுற்றி டைமிங் மார்க்குகளை ஒன்றுசேர்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் அமுக்கம் இல்லாமல் சுற்றுவது சுலபம். பெரும்பாலான இன்ஜின்கள், பெல்ட் பக்கத்திலிருந்து பார்த்தால், கடிகார முள் திசையில் சுற்றும். பழைய ஹோண்டாக்கள் சில எதிர்த்திசை. கிராங்க் சக்கரத்தில் ஒரு குறி, இன்ஜின் உடலில் ஒரு குறி. கேம் சக்கரத்தில் ஒரு குறி, ஹெட்டில் ஒரு குறி. நான்கும் சேர்ந்தால் முதல் சிலிண்டர் பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சியில் நிற்கிறது என்று பொருள்.

கிராங்க் குறி மட்டும் சேர்ந்தால் போதாது. பிஸ்டன் ஒரு வட்டத்தில் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது, அமுக்கும்போது ஒன்று, புகையை வெளியேற்றும்போது ஒன்று. கிராங்கைப் பார்த்து இது எந்த உச்சி என்று சொல்லவே முடியாது. அதற்கு 0 பாகையும் 360 பாகையும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிந்தது கேமுக்கு மட்டும். பெல்ட்டைக் கழற்றிய கணத்திலிருந்து இன்ஜினில் எங்கேயும் இரண்டுக்குமான உறவு எழுதப்பட்டிருக்காது, அந்தக் குறிகளில் தவிர. அதனால் கைப்பேசியில் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொள்வதும், வெள்ளைப் பெயின்ட்டால் தனியாகக் குறி போட்டுக்கொள்வதும் வீண் வேலை அல்ல.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை உருவும்போது சில இன்ஜின்களில் கேம் தானாக 'டக்'கென்று திரும்பும். பயந்துவிட வேண்டாம். வால்வுகளை மூடும் ஸ்பிரிங்குகள் கேமின் முட்டை வடிவத்தை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஏறும் சரிவில் அவை கேமைத் தடுக்கின்றன. இறங்கும் சரிவில் அதையே முன்னோக்கி உந்துகின்றன. ஓடும் இன்ஜினில் பெல்ட் ஒரே சீராக இழுபடாமல் விநாடிக்குப் பலமுறை இறுகித் தளர்வதற்கும் இதுதான் காரணம். கேமைப் பூட்டும் ஊசியோ கருவியோ இருந்தால் மாட்டிவிடலாம். சில கையேடுகள், நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜினில் கிராங்கை 90 பாகை நகர்த்தி வைக்கச் சொல்லும். அப்போது நான்கு பிஸ்டன்களும் ஏறக்குறைய நடுவழியில் நிற்கும். கேம் எப்படித் திரும்பினாலும் எதிலும் இடிக்காது. மூன்று சிலிண்டர் இன்ஜினில் இந்த வசதி கிடையாது.

பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு உறையை மூடுபவர்களை எனக்குப் புரிவதில்லை. டென்ஷனருக்குள்ளும், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லருக்குள்ளும் இருக்கும் பேரிங் அதே 30 கோடிச் சுற்றுக் காலத்தில் ஓயாமல் சுழன்றிருக்கிறது. அது சிக்கிக்கொண்டால் புதுப் பெல்ட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். வாட்டர் பம்பை அதே பெல்ட் ஓட்டுகிற இன்ஜின்களில் பம்பும் இந்தக் கணக்கில் சேரும். கேம், கிராங்க் ஆயில் சீல்களில் கசிவு இருந்தால் இப்போதே மாற்ற வேண்டும், எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊறிப் பல் இளகிவிடும். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் சேர்ந்த 'கிட்'டாகவே கடைகளில் கிடைக்கிறது. போலிகளும் கிடைக்கின்றன, விலை ரொம்ப மலிவாக இருந்தால் சந்தேகப்படுவதில் தவறில்லை.

புதிய பெல்ட்டைக் கிராங்கில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கம் தொய்வில்லாமல் இழுத்துப்பிடித்துக் கேமில் ஏற்றி, மிச்சத் தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வந்து சேரும்படி மாட்ட வேண்டும். ஓடும்போது கிராங்க் எந்தப் பக்கத்தை இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. அங்கே ஒளிந்திருக்கும் சிறு தொய்வு, டென்ஷனரை விட்டதும் ஒரு பல் பிழையாக வெளியே வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் இழை அறும். இறுக்கத்தைக் குளிர்ந்த இன்ஜினில்தான் வைக்க வேண்டும். அலுமினிய இன்ஜினில் கிராங்குக்கும் கேமுக்கும் 300 மில்லிமீட்டர் தூரம் என்றால், 60 பாகை சூடேறும்போது அந்தத் தூரம் சுமார் 0.4 மில்லிமீட்டர் கூடும். கண்ணாடி இழை அந்த அளவு விரியாது. குளிரில் சற்று லேசாகத் தெரிவது சூட்டில் சரியாக இறுகும். சூட்டில் சரியாக வைத்தால் குளிரில் தளர்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பல் தாண்டலாம்.

அடுத்த கட்டம்தான் இந்த வேலையின் உயிர்நாடி. சாவியைத் தொடக்கூடாது. கிராங்கைக் கையால், ஸ்பேனரில், அதன் இயல்பான திசையில் முழுதாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஏன் இரண்டு? கேம் ஒரு சுற்று முடித்தால்தான் எல்லா வால்வும் ஒருமுறையாவது திறந்து மூடியிருக்கும், எல்லாப் பிஸ்டனும் தத்தம் வால்வுகளைக் கடந்து வந்திருக்கும். ஸ்டார்ட்டர் நொடிப்பொழுதில் மோதிக் கண்டுபிடிப்பதைக் கை மெதுவாகத் தொட்டுக் கண்டுபிடிக்கிறது. பிளக்குகள் வெளியே இருப்பதன் முழுப் பயன் இப்போதுதான் தெரியும். காற்றின் எதிர்ப்பு மெத்தென்று இருக்கும், விட்டுக்கொடுக்கும். வால்வு ஸ்பிரிங்கின் எதிர்ப்பு ஏறி இறங்கும். உலோகம் உலோகத்தில் முட்டினால் சுவரில் இடித்த மாதிரி அப்படியே நிற்கும். காற்றே இல்லாதபோது அப்படி எது நின்றாலும் அதற்கு ஒரே பொருள்தான். ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கும் ஆசை வரும். அப்போது நிறுத்திவிட்டுப் பின்னோக்கி மெல்ல விலக்கி, குறிகளை மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டு சுற்று முடிந்ததும் உலோகக் குறிகள் நான்கும் மறுபடி நேருக்கு நேர் வரும். ஆனால் பெல்ட்டின் மேல் போட்ட பெயின்ட் கோடுகள் வராது. முதல்முறை செய்பவர்கள் இங்கே திகைத்துப்போய் எல்லாவற்றையும் மறுபடி கழற்றுவார்கள். தேவையில்லை. பெல்ட்டில் 105 பல், கிராங்கில் 20, கேமில் 40 என்றால் இரண்டு கிராங்க் சுற்றில் பெல்ட் 40 பல்தான் நகர்ந்திருக்கும். மூன்றும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர 840 பல் கடக்க வேண்டும். அதாவது 42 கிராங்க் சுற்று. ஒரே பல் எப்போதும் ஒரே பல்லோடு சேராமல் தேய்மானம் பரவ வேண்டும் என்பதற்கு இந்தப் பொருந்தா எண்கள் வசதி. பெல்ட்டின் கோடுகள் மாட்டும் நேரத்துக்கு மட்டும் உதவி. இரண்டு சுற்றுக்குப் பின் டென்ஷனர் குறியைச் சரிபார்த்து, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கிவிட்டு, கழற்றிய வரிசைக்கு நேர்மாறாகப் பூட்டிக்கொண்டு வந்தால் முடிந்தது. கிராங்க் போல்ட் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயின் வண்டிக்காரர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு நிம்மதியாகச் சிரிக்கலாம். ஆனால் பாதிச் சிரிப்புதான். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருவாக்கிய உருளைச் செயினின் வாரிசுதான் இன்றைய டைமிங் செயின். எஃகுத் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் ஆணியும் அதன் புஷ்ஷும் தேய்கின்றன. ஓர் இணைப்பில் 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தாலும் இழுக்கும் பக்கத்தில் 50 இணைப்பு இருந்தால் ஒரு மில்லிமீட்டர் சேர்ந்துவிடும்; 8 மில்லிமீட்டர் செயினில் 40 பல் கேம் சக்கரத்துக்கு அது ஒரு பாகைக்குச் சற்று மேல், கிராங்குக்கு இரண்டு பாகைக்கு மேல் பின்தங்கல். தேய்மானத்தின் எதிரி சுத்தமான எண்ணெய். டீசலின் கரித்துகள் கலந்த பழைய எண்ணெய் அரைக்கும் பொடியாக வேலை செய்கிறது. டென்ஷனரும் எண்ணெய் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. இரவெல்லாம் எண்ணெய் வடிந்துபோய், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி 'கடகட'வென்று சத்தம் வந்தால் செயினும் டென்ஷனரும் குறை சொல்லத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். பெல்ட்டைவிடச் செயினின் பெரிய நற்குணம் இதுதான், போவதற்கு முன் பேசும்.

ஆனால் செயினை வீட்டில் மாற்றுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். செயின் எண்ணெயில் நனைந்தபடி இன்ஜினுக்குள்ளேயே ஓடுகிறது. முன் உறையைப் பிரிக்க வேண்டும், பல இன்ஜின்களில் ஆயில் சம்பையும் இறக்க வேண்டும், திரும்ப மூடும்போது கசியாமல் சீலன்ட் போட வேண்டும். சில இன்ஜின்களில் கேம் சக்கரத்துக்குக் கோணத்தைப் பிடித்துவைக்கும் சாவிக்கட்டையே கிடையாது, இறுக்கத்தில் மட்டுமே நிற்கிறது. பூட்டும் கருவிகள் இல்லாமல் போல்ட்டைத் தளர்த்தினால் கோணம் போயே போய்விட்டது. பெல்ட்டின் அமைதியையும் செயினின் எண்ணெய்க் குளியலையும் சேர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. 2012இல் வந்த ஃபோர்டின் ஒரு லிட்டர் எக்கோபூஸ்ட் இன்ஜின் எண்ணெய்க்குள் ஓடும் பெல்ட்டோடு வந்தது. உராய்வு குறைந்தது உண்மை. ஆனால் எரிபொருள் கலந்த எண்ணெயிலோ தவறான எண்ணெயிலோ ஊறும் பெல்ட் உதிரத் தொடங்கினால், துணுக்குகள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். பெல்ட் அறுவதற்கு முன்பே இன்ஜின் எண்ணெயில்லாமல் தவிக்கும். இந்த இன்ஜினோடு மறைமலைநகரில் தயாராகி அமெரிக்காவுக்குப் போன ஃபோர்டு எக்கோஸ்போர்ட்கள், எண்ணெய் பம்பை ஓட்டும் பெல்ட்டும் அதன் டென்ஷனரும் பழுதாகலாம் என்பதற்காக 2023 இறுதியில் அங்கே திரும்ப அழைக்கப்பட்டன. வீட்டில் கை வைக்கக்கூடாத பட்டியலில் இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உலர்ந்த பெல்ட்டை மாற்றி முடித்ததும் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி உறையின் மேல் ஒட்டிவிடுவது நல்ல பழக்கம். இரண்டும் வேண்டும். கையேடுகளும் இரண்டையும்தான் கேட்கின்றன: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முந்துகிறதோ அது. வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் ரப்பர் ஓடாமலே முதிர்கிறது. ஓய்வுபெற்றவர் ஒருவர் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுத்த, பத்து வருடத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூடத் தாண்டாத கார் விற்பனைக்கு வந்தால் பலரும் ஓடிப்போய் வாங்குவார்கள். வாங்கலாம். பெல்ட், டென்ஷனர், பம்ப் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறைத்துக்கொண்டு, வண்டியைப் பட்டறைக்கோ உங்கள் வாசலுக்கோ நேராகக் கொண்டுபோய் முதலில் அந்த உறையைக் கழற்றுங்கள்.